ஜெர்மனி படிப்புக்காக என் பங்கை அண்ணனுக்கு எழுதிக் கொடுக்கலாமா?

குமரி மாவட்டத்தின் மலையோரப் பகுதியிலிருந்து ஒரு சகோதரி ஐந்து பக்கத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். பெயரையும் ஊரையும் நீக்கிவிட்டுச் சுருக்கமாகச் சொல்கிறேன். வயது 25, கிறிஸ்தவக் குடும்பம். நம் மாவட்டத்திலேயே ஒரு கல்லூரியில் எலெக்ட்ரானிக்ஸ் பி.இ. முடித்தவர், சி.ஜி.பி.ஏ. 7.6. படிப்பு முடிந்ததும் அம்மாவின் அறுவை சிகிச்சைக்காக ஒரு வருடம் வீட்டில் இருந்திருக்கிறார். பிறகு 2 ஆண்டுகளாகத் திருவனந்தபுரம் டெக்னோபார்க்கில் வேலை. ஜெர்மனியில் எம்.எஸ்ஸி. படிக்க வேண்டும் என்பது ஆசை.

மார்த்தாண்டத்தில் ஓர் ஏஜென்சியில் 60,000 ரூபாய் முன்பணம் கட்டி, அசல் சான்றிதழ்கள் அத்தனையையும் கொடுத்துவிட்டார். அவர்கள் சொன்ன கணக்கு: தனியார் பல்கலைக்கழகக் கட்டணம் 22 லட்சம், கணக்கில் காட்ட வேண்டிய பணம் 12 லட்சம், அவர்கள் கட்டணம் 4 லட்சம், ஆக 38 லட்சம். "வீட்டில் இருந்த அந்த ஒரு வருடத்துக்கு எக்ஸ்பீரியன்ஸ் சர்ட்டிபிகேட் நாங்கள் போட்டுத் தருகிறோம், கணக்கில் காட்டும் பணத்தையும் நாங்களே புரட்டுகிறோம், எங்களுக்கு அரசு லைசென்ஸ் இருக்கிறது" என்றும் சொல்லியிருக்கிறார்கள்.

அப்பா 2019-ல் உயில் எழுதாமல் இறந்துவிட்டார். அவர் பெயரில் 84 சென்ட் ரப்பரும் 9 சென்ட்டில் வீடும் இருக்கின்றன. அப்பாவுக்குப் பிறகு பால் வெட்டுவது, ஷீட் அடிப்பது, அம்மாவைப் பார்ப்பது எல்லாம் அண்ணன்தான். அவர் சொல்வது இது: "உனக்கு ஸ்ரீதனமாகக் கொடுக்க வேண்டியதைப் படிப்புக்குக் கொடுக்கிறேன். பணத்தை நான் ஏற்பாடு பண்ணுகிறேன். அதற்கு முன்னால் உன் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போடு." அம்மாவோ, "போட்டுக் கொடு மக்ளே, அவன் உனக்குக் குறை வைக்கமாட்டான்" என்கிறார். போடலாமா என்பதுதான் சகோதரியின் கேள்வி.

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். நீங்கள் கேட்டிருப்பது ஒரு கையெழுத்தைப் பற்றித்தான். ஆனால் கடிதத்துக்குள் மூன்று கையெழுத்துகள் இருக்கின்றன: ஏஜென்சி ஒப்பந்தம், கடன், விடுதலைப் பத்திரம். முதலாவது தவறாகப் போனதால்தான் மூன்றாவது தேவைப்படுகிறது. 38 லட்சம் என்று யாரோ சொன்ன ஒரு தொகைக்காக உங்கள் பங்கை விலை பேசிக்கொண்டிருக்கிறீர்கள். அந்தத் தொகையே சரியில்லை. ஆகவே பத்திரத்துக்குக் கடைசியில் வருகிறேன்.

38 லட்சம் எங்கிருந்து வந்தது?

ஜெர்மனியில் பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் கல்விக் கட்டணம் கிடையாது. ஒவ்வொரு செமஸ்டருக்கும் ஒரு பங்களிப்புத் தொகை மட்டும் வாங்குவார்கள். அது சில நூறு யூரோ. விதிவிலக்குகள் உண்டு. பாடன்-வூர்ட்டம்பர்க் மாநிலத்தில் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வரும் மாணவர்கள் செமஸ்டருக்கு 1,500 யூரோ கட்ட வேண்டும். மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் 2024 குளிர்கால செமஸ்டரிலிருந்து கட்டணம் வாங்கத் தொடங்கிவிட்டது. இவற்றைத் தவிர்த்தாலும் உங்கள் துறையில், ஆங்கிலத்திலேயே நடத்தப்படும் அரசு எம்.எஸ்ஸி. படிப்புகள் நிறைய இருக்கின்றன. அப்படியிருக்க, உங்களை ஏன் தனியாருக்கு அனுப்பப் பார்க்கிறார்கள்? மாணவரைச் சேர்த்துவிட்டால் தனியார் கல்லூரிகள் பல கமிஷன் தருகின்றன. அரசுப் பல்கலைக்கழகம் தருவதில்லை. நுகர்வோர் வழக்குகளில் நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது இதைத்தான். தனியார் என்றாலே மோசம் என்று சொல்லமாட்டேன். அரசு அங்கீகாரம் பெற்ற நல்லவையும் உண்டு. ஜெர்மன் பல்கலைக்கழகங்களின் கூட்டமைப்பு நடத்தும் 'ஹோக்‌ஷூல்கொம்பாஸ்' தளத்தில் பெயரைப் போட்டுத் தேடினால், அந்த நிறுவனம் அரசுடையதா, அரசு அங்கீகாரம் பெற்றதா என்று ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். இன்று இரவே பாருங்கள்.

கணக்கில் இன்னொரு ஓட்டை. எம்.எஸ்ஸி. இரண்டு வருடம். அவர்கள் காட்டிய 12 லட்சம் முதல் வருடச் சாப்பாட்டுக்கும் வாடகைக்கும் மட்டுந்தான். இரண்டாம் வருடம் அந்தக் கணக்கிலேயே இல்லை. அதாவது அவர்கள் வழியில் போனால் உண்மையான செலவு 50 லட்சத்தைத் தொடும். அரசுப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தால் 22 லட்சமும் போகும், ஏஜென்சியின் 4 லட்சமும் போகும். புறப்படும்போது கையில் வேண்டியது முதல் வருடப் பணமும், டிக்கெட், விசா, விண்ணப்பச் செலவுகளும்தான்.

அந்த முதல் வருடப் பணத்துக்கு 'பிளாக்டு அக்கவுண்ட்' என்று பெயர். 2024 செப்டம்பரிலிருந்து ஆண்டுக்கு 11,904 யூரோ, அதாவது மாதம் 992. ஒரு யூரோ நூறு ரூபாயைத் தாண்டி நிற்கும் இந்த நாளில் 12 லட்சத்துக்குச் சற்று மேலே வரும். இது யாருக்கும் கொடுக்கும் கட்டணம் என்று நினைத்துவிடாதீர்கள். உங்கள் பெயரில் உள்ள உங்கள் பணம். நீங்கள் அங்கே போய் இறங்கிய பிறகு மாதாமாதம் உங்களுக்கே திரும்ப வரும். ஆகவே "நாங்களே புரட்டிப் போடுகிறோம்" என்பதன் பொருளை யோசியுங்கள். போட்ட பணத்தை அவர்கள் மாதாமாதம் உங்களிடமிருந்து எடுத்துக்கொள்வார்கள். வாடகைக்கும் ரொட்டிக்கும் வைத்த 992 யூரோ வந்த அன்றே கைமாறிப் போகும். குளிர்காலத்தில், தெரியாத ஊரில், கையில் காசில்லாமல் நிற்பது நீங்கள். பகுதிநேர வேலை செய்து சமாளிக்கலாம் என்பார்கள். மாணவர்கள் ஆண்டுக்கு 140 முழு நாட்கள் அல்லது 280 அரை நாட்கள் வேலை செய்ய அனுமதி உண்டு என்பது உண்மை. ஆனால் ஜெர்மன் மொழி தெரியாமல் போய் இறங்கினால் முதல் சில மாதங்களுக்கு வேலை கிடைக்கும் என்று நம்பிக் கணக்குப் போட முடியாது.

இல்லாத வேலைக்குச் சான்றிதழ்

இந்த இடத்தில் கொஞ்சம் கண்டிப்பாகவே பேசுகிறேன். இதற்கு எந்த நிலையிலும் சம்மதிக்காதீர்கள். அம்மாவுக்காக வீட்டில் இருந்த ஒரு வருடத்தில் மறைக்க என்ன இருக்கிறது? உங்கள் விண்ணப்பக் கடிதத்தில் இரண்டு வரியில் அதை எழுதலாம். மருத்துவமனை டிஸ்சார்ஜ் சம்மரியின் நகல் இருந்தால் அதுவே போதுமான ஆதாரம். அதன் பிறகு 2 ஆண்டு நிஜமான வேலை அனுபவம் உங்களிடம் இருக்கிறது. நல்ல விண்ணப்பத்தில் ஒரு பொய்க் காகிதத்தைச் சொருகி அதைக் கெடுக்க வேண்டாம்.

"ஏஜென்ட்தானே செய்தார்" என்ற வாதம் எங்கும் எடுபடாது. விண்ணப்பத்தில் இருப்பது உங்கள் பெயர், உங்கள் கையெழுத்து. போலி ஆவணத்தை உண்மையானது என்று பயன்படுத்துவது பாரதிய நியாய சன்ஹிதாவின் 340-ஆம் பிரிவில் குற்றம். பொய்த் தகவல் கொடுத்து விசா வாங்குவது ஜெர்மனியின் குடியேற்றச் சட்டத்திலும் குற்றம். 2023-ல் கனடாவில் நடந்ததைச் செய்தியில் படித்திருப்பீர்கள். இந்திய மாணவர்கள் பலர், பெரும்பாலும் பஞ்சாபிலிருந்து போனவர்கள், படித்து முடித்து நிரந்தர வசிப்புரிமைக்கு விண்ணப்பித்த நேரத்தில், பல வருடத்துக்கு முன் ஏஜென்ட் வாங்கிக் கொடுத்த சேர்க்கைக் கடிதமே போலி என்று தெரிய வந்தது. நாடு கடத்தும் நோட்டீஸ் வந்தது ஏஜென்ட்டுக்கு இல்லை, அந்தப் பிள்ளைகளுக்கு. போராட்டத்துக்குப் பிறகுதான், ஏமாற்றப்பட்ட உண்மையான மாணவர்கள் யார் என்று தனித்தனியாகப் பார்க்க அந்த அரசு ஒரு குழு அமைத்தது.

லைசென்ஸ் விஷயமும் அப்படித்தான். 1983-ஆம் ஆண்டு குடிபெயர்வுச் சட்டத்தின் கீழ் மத்திய அரசு தருவது வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுப்பவர்களுக்கான உரிமம். நம் மாவட்டத்தில் வளைகுடாவுக்குப் போன வீடுகளில் இந்த உரிமத்தைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பார்கள், அதனால் அந்தச் சொல்லுக்கு ஒரு மதிப்பு உண்டு. மாணவர் சேர்க்கைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

'ஏ.பி.எஸ். தேவையில்லை' என்று சொன்னார்களாமே, அதுவும் தவறு. இந்தியப் பட்டதாரிகளின் சான்றிதழ்களைச் சரிபார்த்து ஏ.பி.எஸ். என்ற ஜெர்மன் அமைப்பு தரும் சான்று, 2022 நவம்பர் 1 முதல் உங்களைப் போன்ற மாணவர்களின் விசாவுக்குக் கட்டாயம். கட்டணம் 18,000 ரூபாய். நீங்களே ஆன்லைனில் விண்ணப்பிக்கலாம். விசா மறுத்தால் அப்பீல் போட்டு வாங்கிவிடலாம் என்ற நம்பிக்கையும் வேண்டாம். தூதரகத்திடமே மறுபரிசீலனை கேட்கும் வழியை 2025 ஜூலை முதல் நிறுத்திவிட்டார்கள். இனி புதிதாக விண்ணப்பிக்க வேண்டும், அல்லது பெர்லினில் நீதிமன்றம் போக வேண்டும்.

அசல் சான்றிதழ்களும் 60,000 ரூபாயும்

முதல் வேலையாகச் சான்றிதழ்களைத் திரும்ப வாங்குங்கள். விண்ணப்பங்களுக்கு ஸ்கேன் செய்த நகலும் சான்றொப்பமிட்ட பிரதியும்தான் கேட்பார்கள். அசலை ஏஜென்சி வைத்திருக்க எந்தக் காரணமும் இல்லை. கட்டணப் பாக்கிக்காகப் பிடித்து வைக்கவும் அவர்களுக்கு உரிமை இல்லை. பாஸ்போர்ட்டும் அங்கே இருந்தால் அதையும் சேர்த்துக் கேளுங்கள். பாஸ்போர்ட் அரசின் சொத்து, தனியார் பிடித்து வைக்க முடியாது. நேரில் போகும்போது அண்ணனையோ நம்பிக்கையான ஒருவரையோ கூட்டிக்கொண்டு போங்கள். கொடுத்த ஒவ்வொன்றையும் வரிசையாக எழுதி, அன்றைக்கே மின்னஞ்சலும் அனுப்புங்கள். சத்தம் போட வேண்டாம். ஏழு நாளில் தரவில்லையென்றால் காவல் நிலையத்தில் எழுத்துப்பூர்வமாகப் புகார் கொடுக்கலாம். நம்பி ஒப்படைத்த பொருளைத் திருப்பித் தராமல் மோசடியாக வைத்துக்கொள்வது குற்றம்.

முன்பணம் முழுவதும் திரும்பி வரும் என்று நான் உறுதி சொல்லமாட்டேன். அவர்கள் ஏதாவது வேலை செய்திருந்தால் அதற்கான தொகையைக் கழிப்பார்கள். ஆனால் தவறான தகவல் சொல்லி வாங்கிய பணம் என்பதால் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே, அதாவது நாகர்கோவிலிலேயே வழக்குப் போடலாம். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது. காலக்கெடு 2 ஆண்டு. தகராறு வந்தால் அவர்கள் வைக்கும் நடுவரிடம்தான் போக வேண்டும் என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி இருக்கும். அந்த வரி நுகர்வோர் ஆணையத்தின் கதவை அடைக்காது என்று உச்ச நீதிமன்றம் 2018-லேயே சொல்லிவிட்டது. கூகுள் பே ரசீது, வாட்ஸ்அப் உரையாடல், குரல் பதிவு எதையும் அழிக்காதீர்கள்.

உங்கள் 7.6 அங்கே என்ன?

இதை யாரும் உங்களுக்குச் சொன்னதாகத் தெரியவில்லை. என் அக்கா மகள் விண்ணப்பித்தபோதுதான் நானும் கற்றுக்கொண்டேன். ஜெர்மனியில் 1 என்பது மிகச் சிறந்த மதிப்பெண், 4 என்பது தேர்ச்சியின் விளிம்பு. நம் மதிப்பெண்ணை மாற்றுவதற்குப் பல பல்கலைக்கழகங்கள் பயன்படுத்தும் சூத்திரம் எளிது. அதிகபட்சப் புள்ளியிலிருந்து உங்கள் புள்ளியைக் கழியுங்கள். அதை, அதிகபட்சத்துக்கும் குறைந்தபட்சத் தேர்ச்சிப் புள்ளிக்கும் உள்ள வித்தியாசத்தால் வகுங்கள். 3-ஆல் பெருக்கி 1-ஐக் கூட்டுங்கள். உங்கள் மதிப்பெண் பட்டியலில் தேர்ச்சிப் புள்ளி 5 என்று இருந்தால் விடை 2.44. அதே 7.6-க்குத் தேர்ச்சிப் புள்ளி 6 என்று இருந்தால் 2.8. பல எம்.எஸ்ஸி. படிப்புகளில் 2.5-தான் வரம்பு. நீங்கள் எந்த ரெகுலேஷனில் படித்தீர்கள் என்பதைப் பொறுத்து வாசல் திறக்கலாம், மூடலாம். பட்டியலின் பின்பக்கத்தில் இருக்கிறது, எடுத்துப் பாருங்கள். 2.8 என்று வந்தாலும் வழி அடைபடாது. வரம்பு தளர்வான படிப்புகளையும், செயல்முறைக் கல்விக்கு அழுத்தம் தரும் பல்கலைக்கழகங்களையும் அதிகமாகப் பட்டியலில் சேர்க்க வேண்டும், அவ்வளவுதான்.

பல பல்கலைக்கழகங்களுக்கு 'யூனி-அசிஸ்ட்' என்ற பொது விண்ணப்பச் சேவை வழியாகவே விண்ணப்பம். முதல் விண்ணப்பத்துக்கு 75 யூரோ, அடுத்து ஒவ்வொன்றுக்கும் 30. அக்டோபரில் தொடங்கும் செமஸ்டருக்குப் பல இடங்களில் ஜூலை 15 கடைசி நாள். ஆனால் சில இடங்களில் அதற்கு மிக முன்பே முடிந்துவிடும். ஜெர்மன் மொழிக்குத் திருவனந்தபுரத்தில் கோத்தே சென்ட்ரம் இருக்கிறது. நீங்கள் தினமும் போய்வரும் ஊர்தானே, வேலை முடிந்த பிறகு சேரமுடியுமா என்று கேளுங்கள். இன்னொன்று: பத்தாம் வகுப்புச் சான்றிதழில் முதலெழுத்து, பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் விரித்து எழுதியது, பட்டத்தில் இன்னொரு எழுத்துக்கூட்டல். நம்மூர்ப் பிள்ளைகள் எல்லாருக்கும் வரும் தலைவலி இது. எல்லா விண்ணப்பத்திலும் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே எழுதுங்கள்.

இனி, விடுதலைப் பத்திரம்

அண்ணன் கெட்ட எண்ணத்தில் சொல்கிறார் என்று நான் நினைக்கவில்லை. விடியுமுன் எழுந்து நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு பால் வெட்டப் போகிறவரின் உழைப்புக்கு மதிப்பு உண்டு. ஆனால் அவர் பேசுவது 1916-ஆம் ஆண்டுச் சட்டம். திருவிதாங்கூர் கிறிஸ்தவ வாரிசுரிமைச் சட்டம் பொருந்திய குடும்பங்களில், மகளுக்கு மகனின் பங்கில் கால்பங்கு அல்லது 5,000 ரூபாய், இரண்டில் எது குறைவோ அது. ஸ்ரீதனம் கொடுத்திருந்தால் அதுவும் இல்லை. நம் மாவட்டம் 1956-ல் தமிழ்நாட்டோடு சேர்ந்தது. அந்தச் சட்டத்தின் பேச்சு மட்டும் வீடுகளுக்குள் தங்கிவிட்டது. அந்தச் சட்டம் 1951-லேயே காலாவதியாகிவிட்டது என்று மேரி ராய் வழக்கில் 1986-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஒரு பெண் தன் சகோதரனுக்கு எதிராகக் கேட்டு வாங்கிய நீதி அது. என் அம்மையின் தலைமுறைக்கு அது தாமதமாக வந்தது. உங்களுக்கு அப்படி இல்லை.

உங்கள் குடும்பத்துக்குப் பொருந்துவது 1925-ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டம். உயில் இல்லாததால் அம்மாவுக்கு மூன்றில் ஒரு பங்கு. மீதி மூன்றில் இரண்டு பங்கு பிள்ளைகளுக்குச் சரிசமம். நீங்கள் இருவர் என்பதால் மூவருக்கும் ஆளுக்கு மூன்றில் ஒன்று. 84 சென்ட்டில் உங்களுடையது 28 சென்ட், வீட்டு மனையில் 3 சென்ட். ஸ்ரீதனமோ படிப்புச் செலவோ இதைக் குறைக்காது. அண்ணன் கொடுக்கிறார் என்று நீங்கள் நினைக்கும் பணம், பாதிக்கு மேல் உங்களுடையதாகவே இருக்கலாம்.

பழைய ஆட்கள் ஒழிமுறி என்று சொல்லும் இந்தப் பத்திரத்தைப் பதிவு செய்துவிட்டால், பிறகு ரத்து செய்வது மிகக் கடினம். பணம் கைக்கு வராமலே, 'தொகை பெற்றுக்கொண்டேன்' என்ற வரிக்குக் கீழே கையெழுத்துப் போட்டவர்கள் சிவில் கோர்ட்டில் வருடக்கணக்கில் நடக்கிறார்கள். எனவே இப்போதைக்கு என் பதில்: போடாதீர்கள். மூன்று வழிகள் இருக்கின்றன.

நான் முதலில் பார்க்கச் சொல்வது கல்விக் கடன். 7.5 லட்சம் வரை சொத்து ஈடு இல்லாமல் தரும் மாதிரித் திட்டத்தைப் பல வங்கிகள் பின்பற்றுகின்றன. 4 லட்சத்துக்கு மேல் போனால் சில வங்கிகள் மூன்றாம் நபர் ஜாமீன் கேட்கலாம். 7.5 லட்சத்துக்கு மேல் வேண்டுமென்றால் வீட்டை ஈடாக வைக்கலாம். ரப்பர் நிலத்தைப் பல வங்கிகள் இதற்கு ஏற்பதில்லை. வீடு மூவருக்கும் சொந்தம் என்பதால் மூவரும் கையெழுத்திட வேண்டும்; யாருடைய பங்கும் கைமாறாது. வாரிசுச் சான்றிதழ், வில்லங்கச் சான்று, பட்டா எல்லாம் வேண்டியிருக்கும், இப்போதே எடுக்கத் தொடங்குங்கள். அபாயத்தையும் சொல்லிவிடுகிறேன்: தவணை தவறினால் வங்கி நீதிமன்றத்துக்கே போகாமல் வீட்டின் மேல் நடவடிக்கை எடுக்கச் சட்டம் இடம் தருகிறது, அம்மா இருக்கும் வீடு அது. அதனால் எவ்வளவு குறைவாக முடியுமோ அவ்வளவு குறைவாக வாங்குங்கள். விண்ணப்பத்துக்கு வித்யாலட்சுமி தளத்தைப் பயன்படுத்தலாம். ஆனால் 2024-ல் வந்த பி.எம். வித்யாலட்சுமி திட்டம் இந்தியாவுக்குள் படிப்பவர்களுக்கு மட்டும், இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். கடன் தொகையை வெளிநாட்டுக்கு அனுப்பும்போது 2025 ஏப்ரலிலிருந்து டி.சி.எஸ். என்ற வரிப் பிடித்தம் இல்லை.

இரண்டாவது வழி, அண்ணன் உங்கள் பங்கை உண்மையாகவே வாங்க விரும்பினால். 28 சென்ட்டுக்கு இன்றைய சந்தை விலையை இரண்டு பேரிடம் விசாரியுங்கள். முழுத்தொகையும் வங்கி வழியாக உங்கள் கணக்கில் ஏறிய பிறகே பதிவு. வீட்டுப் பங்கை அதில் சேர்க்க வேண்டாம். திரும்பி வர ஓர் இடம் உங்களுக்கு இருக்கட்டும். மூன்றாவது, ஒரு வருடம் தள்ளிப்போடுவது. சம்பளத்தில் சேமித்து, ஜெர்மன் படித்து, அரசுப் பல்கலைக்கழகங்களுக்கு நிதானமாக விண்ணப்பிக்கலாம். 25 வயதில் ஒரு வருடம் பெரிய இழப்பு இல்லை. முதல் வழியும் மூன்றாவதும் சேர்ந்து வந்தால் எனக்கு இன்னும் நிம்மதி.

அண்ணனிடம் சட்டத்தை முதலில் பேசாதீர்கள். கணக்கை முதலில் காட்டுங்கள்: 38 லட்சம் தேவையில்லை, 12 லட்சம் சொச்சத்தில் புறப்பட முடியும் என்று. அவர் தோளில் இருந்த பெரும் சுமை இறங்குவதை நீங்களே பார்ப்பீர்கள். அதற்குப் பிறகும் பத்திரத்தை வற்புறுத்தினால், நாகர்கோவில் நீதிமன்ற வளாகத்தில் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. பெண்களுக்கு வருமான வரம்பு இல்லாமல் இலவச சட்ட உதவி உண்டு. 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம். போகும்போது அப்பாவின் இறப்புச் சான்றிதழ், நிலத்தின் மூலப் பத்திர நகல், அண்ணன் தந்த வரைவுப் பத்திரம் மூன்றையும் எடுத்துச் செல்லுங்கள். அம்மாவையும் கூட்டிப்போங்கள். அந்த வரைவில் அவருடைய பங்கையும் சேர்த்து எழுதியிருக்கிறார்களா என்று அவர் முன்னிலையிலேயே வாசித்துப் பார்க்கச் சொல்லுங்கள்.